தட்டில் சாகும் கிருமி, வாயில் வாழும் கிருமி

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்தவர் அந்தோனி வான் லீவன்ஹுக். தானே தேய்த்துச் செய்த சிறு கண்ணாடி வில்லைகள் வழியே கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பார்ப்பதில் அவருக்குத் தீராத ஆர்வம். 1683 செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தன் பல்லிடுக்கில் ஒட்டியிருந்த வெள்ளை அழுக்கைச் சுரண்டி நீரில் கரைத்துப் பார்த்ததையும், அதில் எண்ணற்ற சின்னஞ்சிறு உயிர்கள் நீந்தியதையும் அதில் விவரித்தார். அத்தோடு அவர் விடவில்லை. காட்டமான திராட்சை வினிகரால் வாய் கொப்பளித்தார்; நல்ல தண்ணீரில் கழுவினார்; மறுபடியும் பல்லழுக்கைச் சுரண்டிப் பார்த்தார். உயிர்கள் ஏராளமாக எஞ்சியிருந்தன. ஆனால், கரைத்து வைத்த அழுக்கில் துளி வினிகரைக் கலந்ததும் அவை உடனே செத்தன. வாயில் ஊற்றிய வினிகர் அழுக்கின் மேற்புறத்தில் இருந்தவற்றை மட்டுமே கொன்றது, உள்ளே ஊடுருவவில்லை என்ற முடிவுக்கு லீவன்ஹுக் வந்தார்.

பாக்டீரியா என்ற சொல்லும் நோய்க்கிருமிக் கொள்கையும் பிறக்காத காலத்தில் எட்டப்பட்ட முடிவு இது. இன்றைய பல் மருத்துவம் எதிர்கொள்ளும் சிக்கலின் மையம் அதிலேயே இருக்கிறது. ஆய்வகத் தட்டில் ஒரு மருந்துக்குச் செத்துப்போகும் கிருமி, வாய்க்குள் அதே மருந்தைத் தாங்கிக்கொண்டு உயிர்வாழ்கிறது. அதை வெல்ல நாம் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் அந்தப் பல்லிடுக்கைச் சென்றடையாமல் போகலாம். ஆனால் வாயிலும் குடலிலும் வாழும் மற்ற கிருமிகள் எல்லாவற்றையும் தொட்டுவிட்டே போகிறது. வாய் நுண்ணுயிர்களின் மருந்து உணர்திறனைப் பற்றி நுண்ணுயிரியல் கற்றுத்தந்திருக்கும் பாடம் இதுதான். பல்வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கம் வேரூன்றிய நம் சமூகத்துக்கு இந்தப் பாடம் மிக அவசரமானது.

வாயில் யார் இருக்கிறார்கள்?

மனித வாயில் காணப்படும் நுண்ணுயிர் இனங்கள் 700க்கும் மேல். அமெரிக்காவின் ஃபோர்சித் நிறுவனம் பேணிவரும் வாய் நுண்ணுயிர்த் தரவுத்தளம் இவற்றைப் பட்டியலிட்டு வருகிறது. இவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஆய்வகத்தில் வளர்க்க இன்னும் வழி கிடைக்கவில்லை. மரபணுத் தடத்தை வைத்தே அவை இருப்பது தெரியவந்திருக்கிறது. ஒரு மில்லிலிட்டர் உமிழ்நீரில் சுமார் 10 கோடி பாக்டீரியாக்கள் இருக்கும்.

எல்லாக் கிருமிகளும் எல்லா இடத்திலும் வாழ்வதில்லை. கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கிலும் பல்லின் மேற்பரப்பிலும் விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் பெருகியிருக்கின்றன. பற்சொத்தையோடு அதிகம் பேசப்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் இந்தப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. 1924இல் கிலியன் கிளார்க் அதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் உள்ள பள்ளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே ஆக்சிஜன் பட்டாலே செத்துவிடும் பார்ஃபைரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ், பிரிவோடெல்லா, ஃபியூசோபாக்டீரியம் போன்றவை வாழ்கின்றன. வேர் சிகிச்சை செய்தும் மீண்டும் சீழ் வைக்கும் பல்லின் வேர்க்குழாயில் என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் அடிக்கடி தென்படுகிறது. இவற்றோடு கேண்டிடா என்னும் ஈஸ்ட் பூஞ்சையும் நலமாக இருக்கும் பலரது வாயில் தொந்தரவு தராமல் வாழ்கிறது.

இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை நமக்கு எதிரிகள் அல்ல. கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை நாக்கின் பின்புறத்தில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. உடல் அதிலிருந்து ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைப் பெறுகிறது. லண்டனில் 19 ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் நடத்தி 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஏழு நாட்கள் கிருமிநாசினி மவுத்வாஷ் பயன்படுத்தியபோது அவர்களது ரத்த அழுத்தம் 2 முதல் 3.5 மில்லிமீட்டர் வரை ஏறியது. வாயிலிருந்து கிருமிகளை முற்றாக ஒழிப்பது நடக்காத காரியம், நடந்தாலும் நல்லதல்ல.

தட்டில் நடக்கும் சோதனை

ஒரு கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறிய, மருத்துவமனைகளில் ‘கல்ச்சர் அண்ட் சென்சிடிவிட்டி’ எழுதிக்கொடுக்கிறார்கள். இந்தச் சோதனையின் மிகப் பரவலான வடிவத்தை 1966இல் அமெரிக்காவின் பவர், கெர்பி, ஷெரிஸ், டர்க் ஆகியோர் ஒழுங்குபடுத்தினர். கெர்பி-பவர் முறை என்று அது அறியப்படுகிறது.

முதலில் நோயாளியிடமிருந்து பெற்ற மாதிரியை வளர்த்து, தனித்துத் தெரியும் ஒரே கிருமியைப் பிரிக்கிறார்கள். அதை உப்புநீரில் கலந்து, மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி உயிரணுக்கள் இருக்கும் அளவுக்குக் கலங்கலைச் சரிசெய்கிறார்கள். பஞ்சுக்குச்சியை அதில் தோய்த்து, குழாயின் உட்சுவரில் அழுத்திப் பிழிந்து, 4 மில்லிமீட்டர் கனம் கொண்ட முல்லர்-ஹின்டன் அகார் தட்டு முழுவதும் மூன்று திசைகளில் பூசுகிறார்கள். மேலே 6 மில்லிமீட்டர் அகலமுள்ள மருந்துக் காகித வில்லைகளை வைத்து, 35 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ ஓர் இரவு விடுகிறார்கள். காலையில் தட்டு முழுக்கக் கிருமி மெல்லிய பாசிபோல் படர்ந்திருக்கும்; மருந்து வேலை செய்த வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் விட்டத்தை அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டு, கிருமி மருந்துக்குக் கட்டுப்படும், இடைநிலை, எதிர்ப்புத்திறன் கொண்டது என்று மூன்றில் ஒன்றை எழுதுகிறார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளுக்கு இந்தத் தட்டில் 5 விழுக்காடு ஆட்டு ரத்தம் சேர்த்து, கார்பன் டைஆக்சைடு கூடிய காற்றில் வளர்க்க வேண்டும்.

இன்னும் நுட்பமான அளவு எம்.ஐ.சி. எனப்படும் குறைந்தபட்சத் தடுப்பு அடர்த்தி. மருந்தைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போய், கிருமி வளர்வதைத் தடுக்கும் ஆகக் குறைந்த அளவைக் கண்டறிவது இம்முறை. விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குப் பெனிசிலின் சோதிக்கும்போது வட்டத்தை நம்பக் கூடாது, எம்.ஐ.சி. பார்க்க வேண்டும் என்பது அமெரிக்காவின் ஆய்வகத் தர அமைப்பான சி.எல்.எஸ்.ஐ.யின் விதி. லிட்டருக்கு 0.12 மில்லிகிராம் அல்லது அதற்குக் கீழ் என்றால் கட்டுப்படும்; 4 அல்லது அதற்கு மேல் என்றால் எதிர்ப்புத்திறன் கொண்டது. இதயவால்வில் இக்கிருமி தொற்றிய நோயாளிக்கு எந்த மருந்தை எத்தனை வாரம் ஏற்றுவது என்பதை இந்த எண்ணே தீர்மானிக்கிறது.

ஆக்சிஜன் ஆகாத கிருமிகளுக்கு வேலை இன்னும் கடினம். மாதிரி எடுத்த நொடியிலிருந்து காற்றுப் படாமல் காக்க வேண்டும். அதனால்தான் சீழைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுக்காமல் சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கச் சொல்கிறார்கள். பஞ்சில் உமிழ்நீர்க் கிருமிகளும் கலந்துவிடும். பார்ஃபைரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ் ரத்த அகாரில் கறுத்த கூட்டமாக அடையாளம் காட்ட ஒரு வாரம் வரை ஆகலாம். அதற்குள் நோயாளியின் வீக்கம் வடிந்திருக்கும், அல்லது அவர் மருத்துவமனையில் படுத்திருப்பார். சாதாரணப் பல் சீழுக்குப் பல் மருத்துவர்கள் பெரும்பாலும் இந்தச் சோதனை எழுதாததற்கு இது ஒரு காரணம்.

பிறவி எதிர்ப்பு: ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் ஆகாது

1962இல் பல் மருத்துவர் ஷின், லான்செட் இதழில் ஒரு சிறு குறிப்பை எழுதினார். டிரைகோமோனஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்றுக்காக மெட்ரானிடசோல் சாப்பிட்டுவந்த ஒரு பெண்ணுக்கு, ஈறு அழுகும் நோயும் சில நாட்களில் சேர்ந்தே குணமாகியிருந்தது. ஒட்டுண்ணிக்கென்று கொடுத்த மாத்திரை ஆக்சிஜன் ஆகாத பாக்டீரியாக்களையும் கொல்லும் என்பது இப்படி ஒரு வாயிலிருந்துதான் மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது. இன்று வயிற்று அறுவை சிகிச்சை முதல் மூளைச் சீழ் வரை மெட்ரானிடசோல் பயன்படுகிறது.

மெட்ரானிடசோல் உள்ளே நுழையும்போது செயலற்ற நிலையில் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமியின் வேதியியல்தான் அதை நச்சாக மாற்றி, அக்கிருமியின் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. ஆகவே ஆக்சிஜனோடு வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸை அது தொடுவதில்லை. தாடையில் மெல்லப் புரையோடும் கட்டியை உண்டாக்கும் ஆக்டினோமைசிஸும் அதற்குக் கட்டுப்படாது. ஆனால் பெனிசிலினுக்குப் பணிந்துவிடும். மனிதர் கடித்த காயங்களில் சீழ் வைக்கும் வாய்க்கிருமியான ஐக்கனெல்லா கொரோடென்ஸ், கிளிண்டாமைசினுக்கும் மெட்ரானிடசோலுக்கும் பிறவியிலேயே கட்டுப்படாதது. பெனிசிலின் குடும்ப மருந்துகள் அதற்குப் போதும். என்டரோகாக்கஸ் செஃபலோஸ்போரின் மருந்துகளைப் பொருட்படுத்துவதே இல்லை. வேர்க்குழாயில் வைக்கப்படும் கால்சியம் ஹைட்ராக்சைடின் கடும் காரத்தன்மையையும் அது தாங்குகிறது. உயிரணுவுக்குள் புரோட்டான்களை இழுத்துத் தன் உள்பகுதியின் காரத்தைக் குறைத்துக்கொள்கிறது.

இவை எவையும் மருந்துப் பயன்பாட்டால் வந்த எதிர்ப்பு அல்ல. அந்தந்த இனத்தின் உடலமைப்பிலேயே உள்ளவை. பல் சீழில் ஒரே சமயத்தில் பல இனங்கள் கூடியிருக்கும் என்பதால், ஒரு மருந்து எல்லாவற்றையும் கொல்லும் என்று எதிர்பார்ப்பதே தவறு. முக்கியமான சிலவற்றை அடக்கி, கட்டியைத் திறந்து சீழை வடித்தால், மிச்சத்தை உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் பார்த்துக்கொள்கின்றன.

படலத்துக்குள் மருந்து போவதில்லை

தட்டில் கிருமி தனித்து, கொழுத்த உணவோடு, வேகமாகப் பெருகும் நிலையில் இருக்கிறது. வாயில் அது பற்படலத்துக்குள் வாழ்கிறது. சர்க்கரைப் பசை, புரதம், செத்த கிருமிகளின் டி.என்.ஏ. எல்லாம் சேர்ந்த பிசினுக்குள் பல இனங்கள் அடுக்கடுக்காகப் புதைந்திருக்கின்றன. படலமாக வாழும் கிருமிகளைக் கொல்ல, தனித்து மிதப்பவற்றைக் கொல்வதைவிட 100 முதல் 1000 மடங்கு வரை கூடுதல் மருந்து தேவைப்படலாம் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதற்குக் காரணம் ஒன்றல்ல, பல. பிசின், மருந்து உள்ளே பரவும் வேகத்தைக் குறைக்கிறது. படலத்தின் ஆழத்தில் உணவும் ஆக்சிஜனும் குறைவதால் கிருமிகள் ஏறக்குறைய உறக்கநிலையில் இருக்கின்றன. பெனிசிலின் செல்சுவர் கட்டும் வேலையைத்தான் தடுக்கிறது; சுவர் கட்டாமல் உறங்கும் கிருமியை அது என்ன செய்யும்? 1944இல் டப்ளினின் ஜோசப் பிகர், பெனிசிலினில் ஊறிய ஸ்டஃபிலோகாக்கஸ் கூட்டத்தில் சிறு தொகை மட்டும் சாகாமல் எஞ்சுவதைக் கண்டார். அவற்றின் வாரிசுகளை மறுபடியும் பெனிசிலினில் இட்டால் அவை வழக்கம்போல் செத்தன. மரபணு மாற்றம் ஏதுமில்லாமல், வெறும் உறக்கத்தாலேயே தப்பியவை அவை. இதை மருத்துவர்கள் தாங்குதிறன் என்று, எதிர்ப்புத்திறனிலிருந்து வேறுபடுத்திச் சொல்கிறார்கள். சென்சிடிவிட்டி அறிக்கையில் தாங்குதிறன் தெரியாது. கட்டுப்படும் என்று அறிக்கை சொன்ன மருந்தே வாயில் தோற்றுப்போவது இப்படித்தான்.

அண்டை அயலார் உதவியும் உண்டு. பிரிவோடெல்லா இனங்களில் பல, பெனிசிலினையும் அமாக்சிசிலினையும் உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரக்கின்றன. அது பிசினுக்குள் பரவி மருந்தை வழியிலேயே உடைத்துவிடுவதால், அந்த நொதியை உண்டாக்கத் தெரியாத கிருமிகளும் பிழைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு கிருமியையும் பிரித்தெடுத்துச் சோதித்தால் பாதி கட்டுப்படும் என்று வரும். கூட்டமாக அவை கட்டுப்படுவதில்லை.

பல் தரும் இன்னொரு தடை, ரத்த ஓட்டமின்மை. உள்ளிருக்கும் கூழ் (பல்ப்) செத்த பல்லின் வேர்க்குழாய்க்கு ரத்தம் போவதில்லை. விழுங்கிய மாத்திரையும் போகாது. உள்ளே இருக்கும் கிருமியின் எம்.ஐ.சி. எவ்வளவாக இருந்தால் என்ன, மருந்தின் அளவு அங்கே பூஜ்யம். கூழ் அழற்சியால் துடிக்கும் பல்வலிக்கு ஆண்டிபயாட்டிக் வலியைக் குறைக்காது. உடல்நலம் நல்ல நிலையில் உள்ள பெரியவர்களின் பெரும்பாலான பல்வலிகளுக்கும் பல்வேர் அழற்சிகளுக்கும் ஆண்டிபயாட்டிக் வேண்டாம், பல்லுக்கான சிகிச்சையே வேண்டும் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வழிகாட்டியது இதனால்தான்.

எதிர்ப்புத்திறனின் கிடங்கு

ஜெர்மனியின் டால்ஹைம் என்ற இடத்தில், ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டவர்களின் பற்களில் கல்லாகிப்போன காரை இருந்தது. 2014இல் ஆய்வாளர்கள் அதன் டி.என்.ஏ.வைப் படித்தபோது, இன்றைய மருந்து எதிர்ப்பு மரபணுக்களை ஒத்தவை அதில் தென்பட்டன. பெனிசிலின் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதை எதிர்க்கும் கருவிகள் மனித வாயில் இருந்திருக்கின்றன. மண்ணிலும் வாயிலும் கிருமிகள் ஒன்றையொன்று நச்சால் தாக்கிக்கொண்டே இருப்பதால், எதிர்ப்பு என்பது உயிரின் தொன்மையான கலை. நாம் செய்திருப்பது, அந்தக் கலை தெரிந்தவற்றை மட்டும் பெருக விட்டதுதான்.

பெருக விட்டதன் விளைவை ஒரு கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வு துல்லியமாகக் காட்டியது. பெல்ஜியத்தில் 200க்கும் மேற்பட்ட ஆரோக்கியமான தன்னார்வலர்களில் சிலருக்கு அசித்ரோமைசினும் சிலருக்கு கிளாரித்ரோமைசினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து, தொண்டையில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளை ஆராய்ந்தார்கள். லான்செட்டில் 2007இல் வெளியான முடிவின்படி, மருந்தை முடித்த சில நாட்களிலேயே எதிர்ப்புத்திறன் கொண்டவற்றின் பங்கு வெகுவாக ஏறியது. 180 நாட்கள் கழித்தும் அது பழைய நிலைக்கு இறங்கவில்லை. அசித்ரோமைசின் உட்கொண்டது மூன்றே நாட்கள். உடலில் அதன் அரை ஆயுள் சுமார் 68 மணிநேரம் என்பதால், மாத்திரையை நிறுத்திய பின்னும் குறைந்த அளவில் நீண்ட நாள் தங்கி, எதிர்ப்புள்ளவற்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கிறது.

மருந்துக்குப் பிறகு உமிழ்நீரின் இன வகைமை குடலைவிட விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று 2015இல் வந்த இன்னோர் ஆய்வு சொன்னது. இரண்டும் முரண்படவில்லை. அதே இனங்கள் திரும்ப வருகின்றன. ஆனால் அவற்றுக்குள் எதிர்ப்பு மரபணு கொண்ட வாரிசுகள் கூடியிருக்கின்றன. வெளித்தோற்றத்தில் வாய் தேறிவிட்டது. உள்ளே கிடங்கு நிறைந்திருக்கிறது.

இந்தக் கிடங்கு வாயோடு நிற்பதில்லை. விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளும் நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸும் நெருங்கிய உறவினர்கள். செத்த அண்டைக் கிருமியின் டி.என்.ஏ.வை உறிஞ்சித் தன்னுடையதாக்கிக்கொள்ளும் திறன் இவற்றுக்கு உண்டு. 1980களின் இறுதியில் பிரிட்டனின் பிரையன் ஸ்ப்ராட் குழுவினர், பெனிசிலினை எதிர்க்கும் நிமோகாக்கஸின் மரபணுக்களில் வேற்று இனத் துண்டுகள் ஒட்டுப்போடப்பட்டிருப்பதைக் கண்டனர். வாயில் சாதுவாக வாழும் உறவினர்களிடமிருந்து அந்தத் துண்டுகள் வந்திருந்தன. பல்லுக்காக விழுங்கிய மாத்திரையால் வாயில் வலுப்பெறும் ஒரு மரபணு, பிறகு ஒரு குழந்தையின் நுரையீரல் தொற்றில் மருந்தைத் தோற்கடிக்கலாம்.

நாட்டுக்கு நாடு வேறுபாடும் இதையே சொல்கிறது. 2000இல் வான் விங்கல்ஹாஃப் குழுவினர் ஸ்பெயின், நெதர்லாந்து நோயாளிகளின் ஈறுப் பள்ளக் கிருமிகளை ஒப்பிட்டனர். ஆண்டிபயாட்டிக்கைத் தாராளமாகப் பயன்படுத்திய ஸ்பெயினில் எதிர்ப்பு அதிகம். சிக்கனமாக எழுதும் நெதர்லாந்தில் குறைவு. 2014இல் அமெரிக்காவின் 400 ஈறு நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஏறத்தாழ நான்கில் மூவரிடம் டாக்சிசைக்ளின், அமாக்சிசிலின், மெட்ரானிடசோல், கிளிண்டாமைசின் ஆகிய நான்கில் ஒன்றையாவது எதிர்க்கும் ஈறு நோய்க்கிருமி இருந்தது.

அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மாத்திரை ‘பவர்’ அதிகமானது என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. கிளாவுலனிக் அமிலம் பிரிவோடெல்லாவின் நொதியைத்தான் முடக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பெனிசிலினை எதிர்ப்பது நொதியால் அல்ல, மருந்து ஒட்ட வேண்டிய புரதத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்வதால். அதன் முன் இந்தக் கூடுதல் ‘பவர்’ ஒன்றும் செய்யாது. குடலைக் கெடுப்பதுதான் மிச்சம்.

பூஞ்சையும் மவுத்வாஷும்

வாயில் வெள்ளைப் படலமாகத் தோன்றும் கேண்டிடா தொற்று, எய்ட்ஸ் காலத்தில் உலகின் கவனத்துக்கு வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில் கண்டறியப்பட்டது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் வாய்ப்புண்ணோடு வரும் நோயாளியிடம் கேண்டிடாவைக் காண்பது எச்.ஐ.வி.க்கான முக்கியத் தடயமாயிற்று. ஃபுளூகோனசோலை மாதக்கணக்கில் உட்கொண்ட நோயாளிகளிடம் 1990களில் உலகெங்கும் எதிர்ப்புள்ள கேண்டிடா தோன்றியது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டுமருந்துகள் வந்து நோயெதிர்ப்புத் திறன் மீண்டபோது அந்தச் சிக்கல் வெகுவாகக் குறைந்தது. கிருமியை அடக்கியதில் பூஞ்சை மருந்தைவிட உடலின் பங்கு பெரியது.

கேண்டிடாவில் இனம் அறிவது அவசியம். அல்பிகன்ஸ் பெரும்பாலும் ஃபுளூகோனசோலுக்குக் கட்டுப்படும், கிளாப்ரேட்டா அரைகுறையாக, குரூசே பிறவியிலேயே கட்டுப்படாது. நீரிழிவுக்காரர், பல்செட் அணிபவர், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு உறிஞ்சுபவர் ஆகியோருக்குத் திரும்பத் திரும்ப வெள்ளைப்புண் வந்தால் சோதனை தேவை. பல்செட்டின் உட்புறத்தில் படலம் அப்படியே இருக்க, மாத்திரை மட்டும் விழுங்கினால் புண் மறுபடியும் வரும். இரவில் பல்செட்டைக் கழற்றித் தேய்த்துக் கழுவுவது சிகிச்சையின் பாதி.

மவுத்வாஷில் நன்றாகச் சோதிக்கப்பட்டது குளோர்ஹெக்சிடின். 1970இல் ஹரால்ட் லோவும் ஷியோட்டும், 0.2 விழுக்காடு கரைசலால் நாளுக்கு இருமுறை கொப்பளித்தால் புதுப் படலம் சேர்வதைத் தடுக்க முடியும் என்று காட்டினர். சுத்தமான பல்லில் படலம் சேராமல் காப்பதே அதன் வல்லமை. முற்றிய படலத்துக்குள் அது அதிகம் போகாது. பற்பசையின் நுரைப்பொருள் அதைச் செயலிழக்கச் செய்வதால், பல் துலக்கி அரைமணி நேரம் கழித்தே கொப்பளிக்க வேண்டும்.

மூலிகைச் சாறும் தெளிந்த வட்டமும்

இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஒரு வகை ஆய்வு ஏராளமாக நடக்கிறது. வேம்பு, கிராம்பு, துளசி, கடுக்காய் சாற்றை அகார் தட்டில் குழியிட்டு ஊற்றி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸுக்கு எதிரான வட்டத்தை அளந்து, குளோர்ஹெக்சிடினுக்கு நிகர் என்று முடிப்பார்கள். நம் மூலிகைகளை ஆராய வேண்டும் என்ற நோக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் வட்டத்தின் அகலம் மருந்தின் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை. அகாரில் அது எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. கிராம்பு எண்ணெய் நீர் நிறைந்த அகாரில் சரியாகப் பரவாது. குளோர்ஹெக்சிடினும் அகாரில் ஒட்டிக்கொண்டு பரவத் தயங்கும். இரண்டின் வட்டத்தையும் அருகருகே வைத்து எது பெரிது என்று கேட்பது பொருளற்றது. எத்தனால் சாறு என்றால் வெறும் எத்தனாலை ஊற்றிய குழி அதே தட்டில் இருந்ததா என்று பார்க்க வேண்டும். எந்த வட்டம் வாயில் பயன்தரும் என்று சொல்லும் அட்டவணை மூலிகைகளுக்கு இல்லை.

வேம்பின் மதிப்பைச் சரியாக நிறுவ விரும்பும் ஆய்வாளர், எம்.ஐ.சி. அளக்கட்டும், உமிழ்நீரில் ஊறிய பற்படலத்தின் மீது சோதிக்கட்டும், பிறகு மனிதர்களிடம் கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வு நடத்தட்டும். அப்போதுதான் நம் வேம்பு உலகின் மருத்துவ நூல்களில் இடம்பெறும்.

எப்போது சோதனை, எப்போது மருந்து?

வாய்த்தொற்றில் சென்சிடிவிட்டி சோதனை உயிர் காக்கும் தருணங்கள் உண்டு. கீழ்க் கடைவாய்ப்பல்லின் சீழ் நாக்கின் அடிக்கும் கழுத்துக்கும் பரவி மூச்சை அடைக்கும் லுட்விக் ஆஞ்சைனா, 1836 முதல் மருத்துவர்களை அச்சுறுத்திவரும் நோய். முகம் வீங்கி, வாய் திறக்க முடியாமல், விழுங்க முடியாமல் வருபவருக்கும், கட்டுப்படாத நீரிழிவு உள்ளவருக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கும், முதல் மருந்துக்குத் தொற்று அடங்காதவருக்கும் சீழை உறிஞ்சி ஆய்வகத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி என்று மதிப்பிட்டது. நம் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஆக்சிஜன் ஆகாத கிருமிகளை வளர்க்கும் வசதி ஆடம்பரமல்ல, அடிப்படைத் தேவை.

மற்ற பெரும்பாலான தொற்றுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது எளிது: முதலில் பல்லைக் கவனி. கூழை அகற்று, அல்லது பல்லைப் பிடுங்கு, அல்லது கட்டியைத் திற. மருந்து தேவைப்பட்டால் அமாக்சிசிலின் போன்ற முதல்நிலை மருந்து, சில நாட்கள். இங்கே நிலைமை தலைகீழ். ஒஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை பல்வலிக்குச் சாதாரணமாக எழுதப்படுகிறது, கடையில் சீட்டு இல்லாமலும் கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்காத கூட்டு மருந்துகளின் பட்டியலில் இது இருக்கிறது. ஒஃப்லாக்சசினின் குடும்ப மருந்துகள்தான் மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு நம் கையில் உள்ள முக்கிய ஆயுதம். பல்வலிக்கு அவற்றை வீணாக்குவது நம் நாட்டுக்கு ஆபத்து.

இதய வால்வு மாற்றியவர்களும், இதய உள்ளுறைத் தொற்று முன்பு வந்தவர்களும் பல் பிடுங்குவதற்கு முன் 2 கிராம் அமாக்சிசிலின் ஒரே வேளையாக எடுத்துக்கொள்வது தொடர்கிறது. பெனிசிலின் ஒவ்வாதவருக்கு முன்பு தந்த கிளிண்டாமைசினை, கடும் குடல் பாதிப்பு ஏற்படும் ஆபத்தால் அமெரிக்க இதயச் சங்கம் 2021இல் விலக்கிவிட்டது. யாருக்கு மருந்து, எவ்வளவு, எத்தனை வேளை என்பது அவ்வப்போது திருத்தப்பட்டு வருகிறது. அதைக் கடைக்காரரின் நினைவுக்கு விடுவது நியாயமல்ல.

உலகில் எழுதப்படும் ஆண்டிபயாட்டிக்கில் சுமார் பத்தில் ஒரு பங்கு பல் மருத்துவர்களுடையது என்று மதிப்பிடப்படுகிறது. 2019இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக உலகில் இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என்பது லான்செட் மதிப்பீடு. 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடி ஆண்டிபயாட்டிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தக் கோரி உருவாக்கிய அறிக்கைக்குச் ‘சென்னைப் பிரகடனம்’ என்று பெயர். அந்தப் பெயரைத் தாங்கிய நகரத்திலும் அதன் மாநிலத்திலும் பல்வலிக்கு மாத்திரை இலகுவாகக் கிடைப்பது நிற்க வேண்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியது இது: பல் வலித்தால் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள், பல் மருத்துவரிடம் போங்கள். போன மாதம் மிச்சம் வைத்த மாத்திரையை விழுங்காதீர்கள். பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள். மருத்துவர் ஆண்டிபயாட்டிக் எழுதினால், “இது எதற்கு, பல்லுக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?” என்று மரியாதையோடு கேளுங்கள். பல் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று யாரோ சொன்னதை நம்பி ஸ்கேலிங்கைத் தள்ளிப்போடாதீர்கள். பல்லை ஆட்டுவது காரைக்கு அடியில் நடக்கும் ஈறு நோய். படலத்துக்குள் ஒளிந்த கிருமியை வெல்ல மனிதர் கண்ட மிகச் சிறந்த வழி, அந்தப் படலத்தைச் சுரண்டி எடுப்பதுதான். அதைச் செய்தவருக்கு மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்படும் நாளில் அது வேலையும் செய்யும்.